தோற்ற அணிக்கும் அடுத்த சனிக்கிழமை

அவிசாவளையைத் தாண்டி ஹட்டன் வீதியில் ஏறுகிறவர்களுக்குக் களனி கங்கை நெடுந்தூரம் துணைக்கு வருகிறது. தல்துவ, கரவனல்ல, யட்டியாந்தோட்டை என்று ஊர்கள் கடக்கக் கடக்க றப்பர் மரங்கள் அடர்கின்றன; பிறகு இடையிடையே தேயிலை தலைகாட்டுகிறது; கித்துல்கலவை எட்டும்போது மலையும் ஆறும் வீதியை இரண்டு பக்கமும் நெருக்குகின்றன. இங்கே வண்டியை நிறுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் இருக்கும். காற்றடைத்த படகில் ஆற்றின் சுழிப்பில் இறங்க வருவார்கள். 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்துக்காக டேவிட் லீன் மரப்பாலம் கட்டி, 1957இல் அதை வெடிவைத்துத் தகர்த்த இடத்தைப் பார்க்க வருவார்கள். தொல்லியலில் நாட்டமுள்ளவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய மனித எச்சங்கள் கிடைத்த பெலிலெனக் குகைக்கு ஏறுவார்கள். இந்த வீதியின் விளையாட்டு மைதானங்களைப் பார்ப்பதற்கென்று எவரும் வருவதில்லை. ஆனால் எந்தச் சமதரை யாருக்காக வெட்டப்பட்டது, எந்தப் பாடசாலைக்கு முற்றம் மட்டுமே மிஞ்சியது என்று பார்த்துக்கொண்டே போனால், சுற்றுலாக் கையேடுகளில் இல்லாத ஒரு கேள்வி எழுகிறது. கால்பந்தின் மீது இவ்வளவு ஆசையுள்ள பிள்ளைகள் வாழும் இந்தப் பள்ளத்தாக்கில், ஒரு தோட்டப் பாடசாலைக்கென்று ஏன் ஒரு முழுப் போட்டிப் பருவம் வாய்க்கவில்லை?

ஆசை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி என்று விடுமுறை வந்தால் தோட்டத்துக்குத் தோட்டம் சுற்றுப்போட்டி நடக்கும். அணிக்கு எழுவர் உதைபந்தாட்டம், அணிக்கு அறுவர் மென்பந்துக் கிரிக்கெட், கரப்பந்து என்று அறிவித்தல் ஒட்டுவார்கள், நுழைவுக் கட்டணம் வாங்குவார்கள், ஒலிபெருக்கி கட்டுவார்கள், மாலையில் கிண்ணம் கொடுப்பார்கள். எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். போட்டி ஏறத்தாழ எப்போதும் விலகல் முறைதான். இதன் கணக்கைப் பாருங்கள். 32 அணிகள் வந்தால் மொத்தம் 31 ஆட்டங்கள். அவற்றில் 16 அணிகள் ஒரே ஒரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போகின்றன. இன்னும் எட்டு அணிகள் இரண்டாவதோடு போகின்றன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. எவருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவருக்கே மிகக் குறைந்த ஆட்டத்தைக் கொடுக்கும் ஏற்பாடு இது. பாடசாலைகளின் அதிகாரபூர்வப் போட்டிகளும் பெரும்பாலும் இதே சாயலில்தான் அமைகின்றன: கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஓர் ஏணி. முதற்படியில் வழுக்கிய பாடசாலைக்கு அந்த வருடம் அத்தோடு சரி. பெரிய கல்லூரிகளுக்குத் தனியாக லீக் போட்டிகளும் நட்புறவு ஆட்டங்களும் இருப்பதால் அவை ஏணியை மட்டும் நம்பியிருப்பதில்லை. சிறிய பாடசாலைக்கு ஏணியை விட்டால் வேறு வழியில்லை.

எனவே என் வாதம் இதுதான். பருவம் என்பது வெற்றிகளின் தொகுப்பாக இருக்க வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை ஐந்து கோலால் தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு என்று முன்கூட்டியே எழுதிவைத்த உறுதிதான் பருவம். அந்த உறுதி கிடைத்த இடத்தில் சாதாரணப் பாடசாலையும் காலப்போக்கில் அணியாகிறது. கிடைக்காத இடத்தில் அபாரமான பையனும் தீபாவளி ஆட்டக்காரனாகவே முடிந்துபோகிறான். இதை முதலில் கண்டுகொண்டவர்கள் கல்விமான்கள் கூட இல்லை. இங்கிலாந்தில் எஃப்.ஏ. கிண்ணம் 1871இல் தொடங்கியது. விலகல் முறைப் போட்டி. கிண்ணத்திலிருந்து வெளியேறிய கழகங்கள் நட்புறவு ஆட்டங்களை நம்பியிருந்தன. அவையோ எந்நேரமும் ரத்தாகக்கூடியவை. ஆஸ்டன் வில்லாவின் வில்லியம் மக்கிரகர் 1888இல் மற்றக் கழகங்களுக்குக் கடிதம் எழுதி, ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் சொந்த மைதானத்தில் ஒருமுறை, எதிரி மைதானத்தில் ஒருமுறை கட்டாயம் ஆடும் ஏற்பாட்டை உருவாக்கினார். 12 கழகங்கள், ஆளுக்கு 22 ஆட்டங்கள். உலகத்தின் கால்பந்து லீக்குகள் எல்லாம் அந்த அட்டவணையின் வாரிசுகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடும் கால்பந்து தலைக்கவசமும் முட்டைவடிவப் பந்துமாக முற்றிலும் வேறு விளையாட்டு. ஆனால் அங்கேயும் வழக்கமான பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். பதினொன்றிலும் தோற்ற அணி பன்னிரண்டாவதை ஆடியே தீரும். அதைப் பார்க்கவும் ஊர் திரண்டு வரும்.

இலங்கைக்குள்ளேயே சான்று வேண்டுமானால் றோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் இடையிலான ரக்பியைச் சொல்லலாம். இரு கல்லூரிகளும் முதலில் மோதியது 1920இல். 1945இல் றோயலின் அதிபராயிருந்த பிராட்பி ஒரு கேடயம் கொடுத்தார். அதன் விதி சுவையானது: ஓர் ஆட்டம் கண்டியில், ஓர் ஆட்டம் கொழும்பில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டித்தான் கேடயம். கண்டியில் கவிழ்ந்த அணிக்குக் கொழும்பில் இன்னொரு வாய்ப்பு அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது. முதல் ஆட்டம் முடிந்து இரண்டாவதுக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான் பயிற்சி, பழைய மாணவர்களின் வாக்குவாதம், செய்தித்தாள் பத்தி, பெற்றோரின் பணம் எல்லாம் வந்து சேர்கின்றன. இவர்கள் பணக்காரக் கல்லூரிகள், அதனால் பருவம் அமைந்தது என்று சொல்வது பாதி உண்மை. பருவம் இருந்ததால்தான் பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்தார்கள். அவர்கள் திரும்பி வந்ததால்தான் பணம் வந்தது. மீண்டும் மீண்டும் நடக்காத ஒன்றுக்குப் பழைய மாணவர் சங்கம் திரளாது.

களனிப் பள்ளத்தாக்கும் பருவத்தை அறியாத இடமில்லை. அறிந்தவர்கள் துரைமார். அவிசாவளைக்கு அருகே தல்துவவில் களனிப் பள்ளத்தாக்குத் தோட்டத்துரைமாருக்குக் கழகம் இருந்தது. இதே வீதியில் மேலே போனால் டிக்கோயாவில் தரவளை மைதானம். அதையும் தாண்டி நானுஓயாப் பக்கம் ரதல்ல. 1950களில் கிளிஃபர்ட் கிண்ண ரக்பியில் கொழும்பின் கழகங்களுக்கு எதிராக டிம்புள்ள, டிக்கோயா, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு என்று தோட்டப்பகுதி அணிகள் களமிறங்கின. கிழமை நாளில் கொழுந்துக் கணக்கும் றப்பர்ப் பால் கணக்கும் பார்த்த மனிதர், வார இறுதியில் ஐம்பது அறுபது மைல் பயணம் போய் ஆடித் திரும்பினார். அதற்கு வேண்டிய வாகனம், ஓய்வு, சமதரை, எதிரணி நான்கும் அவரிடம் இருந்தன. அதே மைதானத்தைச் சமப்படுத்தி, புல் வெட்டி, கோடு போட்டவர்கள் லயத்தில் இருந்தவர்கள். கம்பத்துக்கு எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைத் தவிர விளையாட்டைப் பற்றிய அவர்களுடைய அறிவில் குறை இருந்திருக்க நியாயமில்லை.

பாடசாலையின் வயதுக் கணக்கு இன்னும் கசப்பானது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்துரைமார் மீது சுமத்திய கடமை, ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்க வேண்டும் என்பது. பத்து வயதோடு முடியும் பாடசாலையில் எப்படி அணி உண்டாகும்? இலவசக் கல்வி 1945இல் வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் ஓட்டத்துக்கு வெளியே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. அடுத்த வருடம் இருப்போமா, கப்பல் ஏறுவோமா என்று தெரியாத குடும்பத்துப் பையனை வைத்து எந்த ஆசிரியர் அடுத்த பருவத்துக்கு அணி திட்டமிடுவார்? 1970களில் காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுடைமையாகின; பாடசாலைகளும் அரசின் கைக்கு வந்தன. அப்போது கைமாறியவை பெரும்பாலும் ஒற்றை மண்டபங்கள். இன்றும் பல தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நிற்கின்றன. மேலே படிக்க விரும்பும் பிள்ளை பஸ் ஏறி வேறு பாடசாலைக்குப் போகிறது. 20 வயதுக்குட்பட்டோர் அணி உயர்தர வகுப்பு உள்ள பாடசாலையில்தான் பிறக்கும். ஆகவே கால்பந்தைப் பற்றிய கேள்வி கொஞ்சம் சுரண்டினால் உயர்தர வகுப்பைப் பற்றிய கேள்வியாகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு நிலவமைப்பு. மலையில் சமதரைக்கு எங்கே போவது என்பார்கள். துரைமாரின் கழகங்களே இதற்குப் பாதிப் பதில். மீதியை அஸ்கிரிய சொல்லும். திரித்துவக் கல்லூரியின் அதிபர் ஃபிரேசர் கண்டியில் ஒரு குன்றைக் குடைந்து மைதானமாக்கத் துணிந்தார். 1915இல் அது திறக்கப்பட்டது. 1983இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம் அங்கே நடந்தது. ஒரு பாடசாலையின் சொந்த மைதானத்தில் டெஸ்ட் கிரிக்கெட்! மண்வெட்டியும் கூடையுமாக இருந்த காலத்தில் ஒரு குன்றைச் சமப்படுத்த முடிந்ததென்றால், புல்டோசர் வைத்து மலையைக் குடைந்து மின்நிலையச் சுரங்கம் போடும் காலத்தில் சாய்வைக் காரணம் காட்டுவது பொருந்தவில்லை. கித்துல்கலவுக்குக் கொஞ்சம் மேலேதான் 35 மெகாவாற் புரோட்லண்ட்ஸ் மின்திட்டம் கட்டப்பட்டது. சமதரை எங்கே வேண்டும் என்று யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே மலை விட்டுக்கொடுக்கிறது.

மழையைச் சொல்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று மோதும் முகப்பு இது. மேலே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தொடும். மே மாதம் தொடங்கினால் மைதானம் சேறுதான். ஆனால் பாடசாலை ரக்பி மரபாக இரண்டாம் தவணைக்குரியது; அதுவும் மழைக்குள்தான் வளர்ந்தது. உதைபந்தாட்டத்தையும் ரக்பியையும் கண்டுபிடித்த நாடு வெயிலுக்குப் பெயர்போனதன்று. இங்கே மழையால் வரும் உண்மையான இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. காலை மழை பெய்தால் றப்பரில் பால்வெட்டு நிற்கும்; பால்வெட்டு நின்றால் அன்றைய சம்பளம் அடிபடும். சப்பாத்துக்கும் பஸ் காசுக்கும் வீட்டில் கேட்க முடியாத மாதங்கள் அவை. முதலாம் தவணையின் வரண்ட வாரங்கள் பொருத்தமானவை என்றால், அந்த நேரத்தை இல்ல விளையாட்டுப் போட்டிகள் பிடித்துக்கொள்கின்றன. சாதாரணதரப் பரீட்சையின் திகதி ஒரு பக்கம் இழுக்கும். எல்லாவற்றுக்கும் நடுவே ஏழு சனிக்கிழமைகள் கண்டுபிடிப்பது கடினம், முடியாததன்று.

சப்பாத்தும் பஸ் காசும் என்று வந்தபிறகு அடுத்த மறுப்பைத் தவிர்க்க முடியாது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குக் கால்பந்துப் பருவம் எதற்கு? இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதிபர்களும் பெற்றோரும். அலட்சியமாகத் தள்ளக்கூடிய குரல்கள் அல்ல அவை. ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஆசிரியர் ஏன் வந்து தங்குவதில்லை என்பதற்குச் சம்பளத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது: அந்தப் பாடசாலையின் பெயர் எங்கும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியை எண்ணிப் பாருங்கள். 1990இல் போரினால் இடம்பெயர்ந்த கல்லூரி அது. பின்னாளில் அதன் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கை மட்டத்தில் பலமுறை வாகை சூடியது. அங்கிருந்து தேசிய அணிக்கும் வீராங்கனைகள் போனார்கள். கொழும்பின் பணமோ வெள்ளைக்கார அதிபரின் கேடயமோ அவர்களிடம் இல்லை. அவர்களுக்கு வாய்த்தது பக்கத்திலேயே ஆடக்கூடிய பாடசாலைகளும், ஊருக்கு ஒரு விளையாட்டுக் கழகமும், மாலை நேரத்து ஆட்டத்தை ஓர் ஊர்ப்பழக்கமாகவே வைத்திருக்கும் சனமும். அவர்களால் அங்கே படிப்புக் கெட்டது என்று எவரும் சொல்லக் கேள்வியில்லை. தோட்டத்தில் பெண்பிள்ளைகளின் கால்பந்தைப் பற்றிப் பேசினாலே சிரிக்கிறவர்களுக்கும் அந்த அணிதான் பதில்.

பக்கத்தில் ஆடக்கூடிய பாடசாலை என்ற இடத்தில்தான் கித்துல்கல சறுக்குகிறது. நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் பாதிக்கு மேல். கேகாலை மாவட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர். றப்பர்த் தோட்டங்களுக்கிடையே தமிழ்ப் பாடசாலைகள் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். போதாததற்கு மாகாண எல்லை. கித்துல்கல சப்பிரகமுவ மாகாணத்தின் ஓரத்தில் இருக்கிறது. வீதியில் சுமார் பதினைந்து கிலோமீற்றர் ஏறினால் வரும் கினிகத்தேனை மத்திய மாகாணம். ஏணி முறையில் கித்துல்கலப் பையன் அந்தப் பக்கத்து ஊர்ப் பையனோடு மோத வேண்டுமானால் இருவரும் தத்தம் மாகாணத்தை வென்று தேசிய மட்டத்துக்கு வர வேண்டும். பதினைந்து கிலோமீற்றரைக் கடக்கத் தேசிய மட்டம்! அதற்கிடையில் அவனுடைய மாகாணப் போட்டியோ இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துப் பாடசாலைகளோடு. வரைபடத்தில் ஒரே நிறம் பூசியிருப்பதால் அவை அயல் பாடசாலைகள் ஆகிவிடுவதில்லை. அயல் என்பதை இங்கே தீர்மானிப்பது ஹட்டன் பஸ்.

எனவே அமைக்கக்கூடிய பருவம் இந்த வீதியை ஒட்டியதாகவே இருக்க வேண்டும். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வரை எட்டுப் பாடசாலைகள். தமிழ்மொழி மூலம், சிங்களமொழி மூலம் என்ற பேதம் வேண்டாம். தமிழ்ப் பாடசாலைகளை மட்டும் சேர்த்தால் எண்ணிக்கை போதாது என்பது ஒரு காரணம். வீதியின் இந்தப் பக்கத்துப் பிள்ளையும் அந்தப் பக்கத்துப் பிள்ளையும் வெவ்வேறு வாசலால் பாடசாலைக்குப் போய் வெவ்வேறு மொழியில் படித்து, பத்தொன்பது வயதில்தான் ஒருவரையொருவர் வேலைத்தளத்தில் பார்க்கிறார்கள் என்பது இரண்டாவது காரணம். ஆற்றில் வெள்ளைநீர்ப் படகு ஓட்டும் இளைஞர்களைப் பாருங்கள். மின்நிலையம் எப்போது நீர் திறக்கும் என்பதை வைத்து அவர்களுடைய நாள் அமைகிறது. துடுப்புப் போடும் ஆறு பேர் ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் வலிக்காவிட்டால் படகு கவிழும். அட்டவணையும் கூட்டுப் பயிற்சியும் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிழைப்புக்காக அவற்றைப் படித்துக்கொண்ட ஊர் இது. எட்டு அணிகள் ஒருவரோடொருவர் ஒருமுறை ஆடினால் 28 ஆட்டங்கள். சனிக்கிழமைக்கு நான்கு வீதம் ஏழு வாரம். கடைசி இடத்தில் முடியும் அணியும் ஏழு ஆட்டம் ஆடியிருக்கும். விலகல் முறையில் இறுதிவரை வந்து வென்ற அணியே 32 பேர் போட்டியில் ஐந்து ஆட்டந்தான் ஆடுகிறது.

இது அதிகாரிகளின் ஏணிக்குப் போட்டியாகிவிடாதா என்று கேட்கலாம். ஏணி அப்படியே இருக்கட்டும். ஏழு ஆட்டம் ஆடிப் பழகிய அணி வலயப் போட்டிக்குப் போவதால் வலயத்துக்கு நட்டமில்லை. தொடங்கியவர்கள் இரண்டு வருடத்தில் கைவிட்டுவிடுவார்கள் என்பது இன்னும் கனமான ஐயம். கொடையாளர் பணத்தில் தொடங்கி, பதாகையோடு முடிந்த திட்டங்களைத் தோட்டப்பகுதி நிறையப் பார்த்திருக்கிறது. கிண்ணத்துக்குச் செலவழிப்பதைவிட மத்தியஸ்தரின் பஸ் காசுக்கும் பந்துக்கும் செலவழிக்கும் லீக் நீடிக்க வாய்ப்பு அதிகம் என்பதற்கு மேல் அதற்கு உத்தரவாதமான பதில் என்னிடம் இல்லை.

மிஞ்சுவது நான்கு மைதானங்கள். சனிக்கிழமைக்கு நான்கு ஆட்டம் என்றால் வீதி நெடுகிலும் நான்கு சமதரை வேண்டும். அவை இருக்கும் இடம் பெரும்பாலும் தோட்டக் காணி. 1970களின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்தக் காணி அரசினுடையது; 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது; பிறகு நீண்டகாலக் குத்தகை எழுதப்பட்டது, 53 ஆண்டுகளுக்கு, 2045 வரை. பாடசாலை அரசினுடையது, நிலமும் அரசினுடையது. பாடசாலைப் பிள்ளை அந்த நிலத்தில் பந்து உதைக்க வேண்டுமானால் இடையில் உள்ள குத்தகைக்காரரிடம் அதிபர் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். ஒரு நாள் சுற்றுப்போட்டிக்குத் தோட்ட முகாமையாளர் பெரும்பாலும் இணங்குவார். பிரதம விருந்தினராகவும் வருவார். ஒரு தவணை முழுவதும் சனிக்கிழமை தோறும் வேண்டும் என்று கேட்பது வேறு வகை விண்ணப்பம். அது விருந்தினரிடம் கேட்கும் தயவாக இருந்தால் முகாமையாளர் மாற்றலாகிப் போகும் நாளில் பருவமும் போய்விடும். கல்வி அமைச்சும் பெருந்தோட்டத்துறை அமைச்சும் கம்பனியும் கையெழுத்திட்டு, இன்ன நிலம் இன்ன நாட்களில் இன்ன பாடசாலைக்கு என்று எழுதிவைக்க வேண்டும். குத்தகை முடிய இன்னும் ஏறத்தாழ இருபது வருடம் இருக்கிறது. இப்போது முதலாம் வகுப்பில் சேரும் பிள்ளை 20 வயதுக்குட்பட்டோர் அணியின் வயதைக் கடந்து போனபின்தான் அது முடியும்.